அரிப்புக்கு அடுத்த டியூப் வாங்குவதற்கு முன்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 54 வயது. ரொம்ப வருடமாகச் சுகர் இருக்கிறது. சில மாதங்களாகப் பிறப்புறுப்பைச் சுற்றி அரிப்பு, எரிச்சல். டாக்டரிடம் காட்ட வெட்கப்பட்டு மெடிக்கலில் டியூப் வாங்கிப் போடுகிறார். போட்டால் இரண்டு நாளில் அடங்குகிறது, விட்டால் பத்து நாளில் திரும்ப வந்துவிடுகிறது. உடம்பு சூடு என்று இளநீரும் வெந்தயமும் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. இது ஈஸ்ட் தொற்றா, அப்பாவுக்கும் ஒட்டிக்கொள்ளுமா, என்ன மருந்து போடலாம் என்பது கேள்வி. கூடவே, ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை செய்யும் சித்திக்குக் கால்விரல் இடுக்கு வெள்ளையாக ஊறிப் புண்ணாகிறதே, அதுவும் இதேதானா என்றும் கேட்டிருக்கிறார்.

சரி. அம்மாவுக்கு ஈஸ்ட் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் எந்த மருந்து என்று சொல்வதற்கு முன்னால் எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். சுகர் இப்போது எவ்வளவு இருக்கிறது, சுகருக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார், இதுவரை போட்ட டியூபில் என்ன இருந்தது. திரும்பத் திரும்ப வரும் அரிப்புக்குப் பதில் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் கிடக்கிறது. தோல் நோய்ப் பிரிவில் உட்கார்ந்தால் உங்கள் அம்மாவைப் போன்றவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறோம். அத்தனை பேரும் வருவதற்கு முன்பே மூன்று நான்கு டியூப் போட்டு முடித்தவர்கள்.

ஈஸ்ட் ஒரு வகைப் பூஞ்சை. இந்த ஈஸ்ட்டின் பெயர் கேண்டிடா. அது எங்கிருந்தோ வந்து ஏறிக்கொண்டது என்று நினைக்க வேண்டாம். நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும், பல பெண்களின் பிறப்புறுப்பிலும், உடம்பு நன்றாக இருக்கும்போதே அது கொஞ்சம் இருக்கிறது. பக்கத்திலேயே வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அமிலம் சுரந்து அதை அடக்கி வைத்திருக்கின்றன. ஆன்டிபயாடிக் சாப்பிட்டு அந்தப் பாக்டீரியாக்கள் செத்தாலோ, கர்ப்பகாலத்தில் ஹார்மோன் ஏறினாலோ, சுகர் கூடினாலோ, தோல் மடிப்பில் வேர்வை காயாமல் நின்றாலோ அதற்குக் கொண்டாட்டம். நான்கு பெண்களில் மூன்று பேருக்காவது வாழ்நாளில் ஒரு முறை இது வந்துவிடுகிறது. சுத்தமில்லாததால் வந்தது, தப்பான தொடர்பால் வந்தது என்று நினைத்துத்தான் பலர் வாயைத் திறப்பதில்லை. வேறு எதையும் சொல்வதற்கு முன்னால் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: "அம்மா, இது வெட்கப்பட வேண்டிய நோய் இல்லை. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை."

இப்போது டியூப். வீட்டில் கிடக்கும் காலி டியூபை எடுத்து, பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். குளோட்ரிமசோல், மைக்கோனசோல், லுலிகோனசோல் என்று மட்டும் இருந்தால் அது பூஞ்சை மருந்து. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது சேர்ந்திருந்தால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறது. குளோட்ரிமசோல், குளோபெட்டசால் இரண்டும் காதில் ஒன்றுபோலவே விழும், வேலையோ நேர் எதிர். பல டியூபில் இவை இரண்டோடு ஜென்டாமைசின் அல்லது நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் சேர்ந்திருக்கும். "அண்ணா, அரிப்புக்கு ஒரு டியூப் கொடுங்க" என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் இந்தக் கலவைதான்.

ஸ்டீராய்டு என்ன செய்யும்? அரிப்பையும் சிவப்பையும் ஒரே நாளில் அடக்கும். அதே நேரத்தில் அந்த இடத்துத் தோலின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடும். பூஞ்சை உள்ளே நிம்மதியாக வளரும். டியூப் தீர்ந்ததும் முன்பைவிட அகலமாக வெளியே வரும். இரண்டு நாளில் அடங்கி, பத்து நாளில் திரும்புகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்கு இந்தச் சந்தேகம்தான் வந்தது. மாதக்கணக்கில் போட்டால் தொடை இடுக்குத் தோல் காகிதம் மாதிரி மெலிந்து, பிரசவக் கோடு போல வரி விழுந்துவிடும். அந்த வரி பிறகு போகவே போகாது. நாடு முழுக்கத் தோல் மருத்துவர்கள் இதற்காகக் குரல் கொடுத்த பிறகு, 2018இல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதியை இறுக்கியது. விதி இருந்தும் கேட்டவர் கைக்கு டியூப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. கடைக்காரரை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஓ.பி. வரிசையில் அரை நாள் நின்று, கூலி இழந்து, முன்பின் தெரியாதவரிடம் இதைக் காட்ட வேண்டுமே என்ற தயக்கம்தான் பெண்களைக் கடைக்கு அனுப்புகிறது.

அம்மா ஸ்டீராய்டு டியூபை நிறைய நாள் போட்டிருந்தால், நிறுத்தியதும் சில நாள் அரிப்பும் எரிச்சலும் கூடும். பயந்துபோய் மறுபடி அதையே எடுத்துவிடக் கூடாது. அந்த இடைவெளியைத் தாண்ட டாக்டர் உதவுவார்.

அடுத்தது சுகர். இதைத்தான் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் சிறுநீரிலும் தோலின் ஈரத்திலும் ஏறும், ஈஸ்ட்டுக்கு அதுவே சாப்பாடு. காலையில் வெறும் வயிற்றில் ஒரு தடவை பார்த்து "நார்மல்" என்று திருப்திப்பட்டுவிடாமல், மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எடுத்துவிடுங்கள். 7க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. 9, 10 என்று இருந்தால் உலகத்தில் எந்தக் களிம்பு போட்டாலும் அரிப்பு திரும்பத்தான் செய்யும். இதுவரை சுகரே இல்லை என்று இருப்பவருக்கும் இதே பேச்சுதான். அரிப்பு என்று வந்து சோதித்ததில்தான் சுகர் இருப்பதே தெரியவந்த பெண்களும் ஆண்களும் ஏராளம். ஆண்களுக்கு முன்தோல் சிவந்து, வெடிப்பு விட்டு, பின்னால் இழுக்க முடியாமல் இறுகும். அப்படி வந்தால் அன்றைக்கே சுகர் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிறவர்களிடமும் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா சாப்பிடும் மாத்திரை அட்டையையும் புரட்டிப் பாருங்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று "ஃப்ளோசின்" முடிகிற பெயர் ஏதாவது இருக்கிறதா? இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரைகள். ஒரு நாளைக்குச் சுமார் 60 முதல் 80 கிராம் வரை சர்க்கரை சிறுநீரில் போகும். ஒவ்வொரு தடவை சிறுநீர் கழித்த பிறகும் அந்த இடத்தில் சர்க்கரைத் தண்ணீர் தங்கினால் ஈஸ்ட் வராமல் என்ன செய்யும்? 2020இல் டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்து விலை இறங்கியதிலிருந்து இந்த வகை மாத்திரையை நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். அதோடு இந்த அரிப்பும் கூடியிருப்பதை நாங்கள் பார்க்கிறோம். ஆனாலும் தயவுசெய்து நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மாத்திரை அது. சிறுநீர் கழித்ததும் வெறும் தண்ணீரில் கழுவி, மென்மையான துணியால் ஒற்றித் துடைத்தாலே பலருக்கு அரிப்பு குறைந்துவிடும். அப்படியும் அடிக்கடி வந்தால் மாத்திரையை மாற்றலாமா என்று சுகர் டாக்டர் முடிவெடுக்கட்டும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். இந்த மாத்திரை சாப்பிடுபவருக்குப் பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே கடுமையான வலி, வீக்கம், கூடவே காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அரிதாக வருவதுதான், ஆனால் தசையை அரித்துக்கொண்டு போகிற தொற்று அது. நேரே அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உங்கள் அம்மா வயதில் மாதவிடாய் நின்றிருக்கும். ஈஸ்ட் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கும் வயதில்தான் அதிகம் வரும். சுகர் இல்லாத 54 வயதுப் பெண்ணுக்கு அரிப்பு என்றால் நான் ஈஸ்ட்டை முதலில் நினைக்க மாட்டேன். ஹார்மோன் குறைந்து அந்த இடம் வறண்டு எரியலாம். லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்று ஒன்று இருக்கிறது, தோல் பளிச்சென்று வெளுத்து, மெலிந்து, ராத்திரியில் தூங்கவிடாமல் அரிக்கும். அதை வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் சிலருக்குப் புற்றாகவும் மாறக்கூடும். அதற்கு வைத்தியமே வீரியமான ஸ்டீராய்டு களிம்புதான், டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை. ஒரே அரிப்பு, ஒன்றுக்கு ஸ்டீராய்டு விஷம், இன்னொன்றுக்கு அதுவே மருந்து. அதனால்தான் கண்ணால் பார்க்காமல் மருந்து சொல்ல எனக்கு மனம் வராது.

பரிசோதனை என்றதும் பயப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம், நீங்கள் பக்கத்திலேயே நிற்கலாம். ஈஸ்ட்டாக இருந்தால் தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைக் கட்டி ஒட்டியிருக்கும், பெரிதாக நாற்றம் இருக்காது, தோல் சிவந்து கீறல் விட்டிருக்கும், சுற்றிலும் சின்னச் சின்னக் கொப்புளம் சிதறியிருக்கும். மீன் வாடை அடித்தால் அது பாக்டீரியாவின் வேலை. நுரைத்த மஞ்சள் பச்சையாகப் பட்டால் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி, அதற்குக் கணவருக்கும் மருந்து கொடுக்க வேண்டும். பஞ்சுக் குச்சியால் கொஞ்சம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், மொட்டு விடும் ஈஸ்ட்டும் நீண்ட இழைகளும் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். திரும்பத் திரும்ப வருபவருக்குக் கல்ச்சரும், அதாவது கிருமியை வளர்த்து எந்த வகை என்று பார்க்கும் சோதனைக்கும், அனுப்ப வேண்டும். சுகர் உள்ளவர்களிடம் கிளாப்ரேட்டா என்ற வகை இருக்க வாய்ப்பு உண்டு. வழக்கமான ஃபுளுகோனசோல் அதனிடம் அவ்வளவாக எடுபடாது, அதற்கு வேறு வைத்தியம் இருக்கிறது.

சோதனையில் கேண்டிடா என்று உறுதியானால் வைத்தியம் ஒன்றும் பெரிய பாடில்லை. சுகர் இல்லாத, எப்போதோ ஒரு தடவை வரும் பெண்ணுக்கு குளோட்ரிமசோல் 500 மில்லிகிராம் மாத்திரையை ஒரு ராத்திரி உள்ளே வைத்தால் போதும், அல்லது 100 மில்லிகிராமை ஆறேழு ராத்திரி வைக்கலாம். வாயில் சாப்பிடுவதென்றால் ஃபுளுகோனசோல் 150 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை. உங்கள் அம்மாவுக்குச் சுகர் கட்டுக்குள் இல்லையென்றால் ஒரு மாத்திரை போதாது. 72 மணி நேர இடைவெளியில் இரண்டு மூன்று தடவையோ, உள்ளே வைக்கும் மருந்தை ஒன்று இரண்டு வாரமோ கொடுப்பார்கள். வருடத்துக்கு மூன்று தடவைக்கு மேல் வருபவர்களுக்கு அதன் பிறகு வாரம் ஒரு மாத்திரை என்று ஆறு மாதம் கொடுப்பதும் உண்டு. வெளியே தோலுக்கு ஸ்டீராய்டு கலக்காத குளோட்ரிமசோல் 1 சதவீதக் களிம்பு, காலையும் ராத்திரியும் இரண்டு வாரம். அரிப்பு மூன்றாம் நாளே நின்றுவிடும், அதற்காக மருந்தையும் நிறுத்திவிடக் கூடாது.

ஃபுளுகோனசோல் விஷயத்தில் சுகர்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரை சாப்பிடுபவருக்கு இது சேர்ந்தால் அவற்றின் வேகம் கூடி, சுகர் திடீரென்று இறங்கலாம். படபடப்பு, வேர்வை, தலைசுற்றல் வந்தால் அதுதான். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை வேண்டாம். அவர்களுக்கு உள்ளே வைக்கும் மருந்து மட்டும்தான், ஏழு நாள்.

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேண்டிடாவைப் பால்வினை நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்பாவுக்கு அரிப்போ சிவப்போ இல்லையென்றால் மருந்து தேவையில்லை. இருந்தால் அவருக்கும் களிம்பு, அவருக்கும் ஒரு சுகர் டெஸ்ட்.

வீட்டு வைத்தியத்தில் எதைச் செய்யலாம் என்று கேட்பீர்கள். டெட்டால் கலந்த தண்ணீர், எலுமிச்சை, உப்பு, பூண்டு எதையும் அந்த இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஏற்கெனவே வெந்த தோல் இன்னும் வேகும். உள்ளே சோப்பு போட்டுக் கழுவுவதும் வேண்டாம், அடக்கி வைத்திருக்கும் நல்ல பாக்டீரியா போய்விடும். ஆறிய வேப்பிலைத் தண்ணீரில் வெளியே கழுவினால் கொஞ்சம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். தயிரைச் சாப்பிடலாம், உள்ளே தடவக் கூடாது. இட்லி, தோசை, பன் எல்லாம் புளித்தது, அதனால் ஈஸ்ட் கூடும் என்று சிலர் நிறுத்தச் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. சுகருக்காக அளவு குறைப்பது வேறு விஷயம்.

உடம்பு சூடு என்பதை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். சேலத்துச் சித்திரை வெயிலில், தறி ஓடும் வீட்டுக்குள், பாலியஸ்டர் பாவாடையோடு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் இடுக்கில் ஈரம் காயவே காயாது. அந்தச் சூட்டுக்கு மருந்து பருத்திப் பாவாடை, ராத்திரி உள்ளாடை இல்லாமல் தளர்வான நைட்டி. மார்புக்கடியிலும் வயிற்று மடிப்பிலும் சிவந்திருந்தால் குளித்ததும் நன்றாக ஒற்றித் துடைத்து, மெல்லிய பருத்தித் துணியை மடித்து இடையில் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றையும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்: இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறதா? அதற்காக நாள் முழுக்க நாப்கினோ துணியோ வைத்திருக்கும் அம்மாக்கள் நிறைய. பெற்ற மகளிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். அந்த ஈரத்தைச் சரிசெய்யாமல் அரிப்பு நிற்காது, கசிவுக்குத் தனியாக வைத்தியம் இருக்கிறது.

இனி ஏற்காட்டுச் சித்தி. மழைக்காலத்தில் பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தால் சாயங்காலம் வரை காலை ஊறப்போட்டுக்கொண்டேதான் நிற்க வேண்டும். மலையில் மூட்டம் போட்டால் துவைத்த துணி மூன்று நாளானாலும் ஈரமாகவே இருக்கும், அதையே மறுபடி போட்டுக்கொண்டு போவார்கள். சேற்றுப்புண் என்று நாம் சொல்வது இதுதான். கால்விரல் இடுக்கில் பெரும்பாலும் படர்தாமரை வகைப் பூஞ்சை இருக்கும், சிலருக்கு கேண்டிடா, நாள்பட்டால் பாக்டீரியாவும் சேரும். குளோட்ரிமசோலோ மைக்கோனசோலோ இரண்டு பூஞ்சைக்கும் கேட்கும் என்பதால் அதையே நான்கு வாரம் போடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் கால் கழுவி விரல் இடுக்கைத் துடைத்துக் காயவிட வேண்டும். இரண்டு ஜோடி சாக்ஸ் வைத்துக்கொண்டு, அடுப்புப் பக்கம் காயவைத்தோ இஸ்திரி போட்டோ மாற்றிப் போட்டால் நல்லது. பாதம் வீங்கி, சிவப்பு மேலே ஏறி, காய்ச்சல் வந்தால் களிம்போடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சித்திக்கும் சுகர் இருந்தால் இன்னும் சீக்கிரம்.

ஜவ்வரிசி ஆலையிலும் ஓட்டலில் பாத்திரம் கழுவும் இடத்திலும் வேலை செய்பவர்களுக்கு இதே கேண்டிடா கைக்கு வரும், முக்கியமாக நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே. நகத்தைச் சுற்றி வீங்கி நகச்சுத்தியாக நாள்பட்டு நிற்கும். ரப்பர் கையுறை போட்டால் உள்ளே வேர்த்து மோசமாகும், அதனால் உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர்.

பக்கத்து வீட்டில் யாராவது கைக்குழந்தையின் நாக்கில் மாவு என்று சொன்னால், ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பால் என்றால் வந்துவிடும். ஈஸ்ட் என்றால் ஒட்டிக்கொண்டிருக்கும், அழுத்தித் துடைத்தால் அடியில் சிவக்கும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்களுக்கும் வாயில் இதே ஈஸ்ட் வரலாம், அதனால் இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு காரணமும் இல்லாமல் வாய் முழுக்க வெள்ளை படிந்து, விழுங்கும்போது வலித்தால் சுகரோடு, அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது, அங்கே இலவசம்.

அம்மாவை இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு, மகளிர் பிரிவு இரண்டும் இருக்கின்றன, எதில் காட்டினாலும் சரி. போவதற்கு முன்னால் சில நாள் எந்தக் களிம்பும் போடாமல் இருந்தால் சோதனையில் தெளிவாகத் தெரியும், அதுவரை அரிப்பு தாங்கவில்லையென்றால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை ஒற்றி எடுக்கலாம், தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவலாம். இதுவரை வாங்கிய டியூப்களையும், சுகர் மாத்திரை அட்டைகளையும், கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அம்மா உள்ளே பேசத் தயங்கினால், எத்தனை மாதமாக, எந்த டியூப், எத்தனை தடவை என்று ஒரு தாளில் எழுதி டாக்டர் கையில் கொடுத்துவிடுங்கள்.